தார்ப்பாய் வேணு

ஆரணிக்காரர்களுக்கு வேணுகோபால் பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளை. எங்கள் உழவர் சங்கத்து நெல் களத்தில் அவர் பெயர் தார்ப்பாய் வேணு. தறியில் பூட்டிய பாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அவருடைய அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவாராம். அந்தப் பயம் பிள்ளைக்கு நெல்லின் மேல் வந்துவிட்டது. போளூர்ப் பக்கம் வானம் கறுத்தால் போதும், எடை போடுவதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். குத்தகைக்குப் பயிரிட்டவர்களின் குவியலைத்தான் முதலில் மூடுவார்.

"பெரிய வூட்டுக்காரனுக்கு இன்னொரு போகம் கீது. இவங்களுக்கு இது ஒண்ணுதான்" என்பார்.

எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தொப்பலாக வந்து என் மேசையருகே நிற்பார். பேஜார் எனக்குத்தான். எடைச் சீட்டெல்லாம் ஈரமாகும். கண்டபடி திட்டுவேன். மனிதர் சிரிப்பார்.

போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். ஆவணியில் களத்திலேயே படத்திறப்பு வைத்தோம். முகூர்த்த நாள், ஊரில் ஒரு சாமியானாகூட மிச்சமில்லை. சங்கச் செயலாளர் பன்னீர்செல்வம் மூளையைக் கசக்கி, நெல் மூடும் தார்ப்பாய்களையே பந்தலாகக் கட்டச் சொன்னார். நல்ல வெயில். நான் உட்பட ஒருவரும் மழையை நினைக்கவில்லை.

சிறப்பு விருந்தினர் "உழவர்களுக்காகவே வாழ்ந்தவர்" என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேற்கே கறுத்தது. தேசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ராஜம்மாளின் நெல் திறந்த களத்தில் கிடந்தது. குத்தகை நிலத்தில் விளைந்தது மொத்தமும் அந்த ஒரு குவியல். நனைந்து முளை விட்டால் எந்த மில்லும் சீந்தாது. அவள் வானத்தைப் பார்த்தாள், எங்கள் தலைக்கு மேலிருந்த தார்ப்பாயைப் பார்த்தாள். செத்தவருக்குப் போட்ட பந்தலை எந்த வாயால் அவிழ்க்கச் சொல்வாள்? அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

முதல் தூறல் விழுந்தது. முன்வரிசையிலிருந்த வேணுவின் மனைவி தெய்வநாயகி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தல் கால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"இன்னாங்க பாத்துகினு கீறீங்க? அவரு இருந்தா இந்நேரம் குந்திகினு இருப்பாரா? ஜல்தி அவுருங்க!"

அதற்குப் பிறகு எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. விருந்தினரே பேச்சை விட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் அப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டேன். ராஜம்மாளின் குவியலை முதலில் மூடினோம், பிறகு மற்றவற்றை. மழை கொட்டியது. நெல் தப்பியது. நனைந்த கோழிகளாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ராஜம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் பன்னீர்செல்வம் அலறினார். "ஐயோ, படம்!"

மேசை மேல் வேணு மாலையோடு நனைந்துகொண்டிருந்தார். எடுக்க ஓடியவரைத் தெய்வநாயகி தடுத்தார்.

"உடுங்க. மழ பேஞ்சா அவரு இப்டிதானே வூட்டுக்கு வருவாரு."

தலை துவட்டிவிடுவதுபோல, முந்தானையால் படத்தை மெல்லத் துடைத்தார்.