கட்டையில் ஓடிய எஞ்சின்

வெல்டரம்மா என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். மர அறுவை மில்லின் பின்சுவரை ஒட்டி அவளுடைய பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று எது விட்டுப்போனாலும் ஒட்டித் தருவாள். வாய் துடுக்கு, வேலை சுத்தம்.

நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்கு ஒரு பித்துப் பிடித்தது. மில்காரர் கழிவுக் கட்டைகளைக் குவித்து எரிப்பது வழக்கம். ஒரு மதியம், எரியும் கட்டையின் வெடிப்பிலிருந்து 'உஸ்' என்று சீறிக்கொண்டு விரல் நீளச் சுடர் ஒன்று கிளம்பியதைப் பார்த்தாள். அது கட்டையைத் தொடாமல் சற்றுத் தள்ளி எரிந்தது. இருபது வருடம் கேஸ் கட்டர் பிடித்த கண்ணுக்கு அது போதும். எரிவது கட்டையில்லை, சூட்டில் கட்டை விடும் வாயு!

சாப்பாட்டு டப்பாவை அப்படியே போட்டுவிட்டு, கணவரின் தையற்கடைக்கு ஓடினாள்.

"என்னங்க, அந்தக் குப்பைக் கட்டையில எஞ்சினே ஓட்டலாங்க!"

"முதல்ல மூச்சை விடு. அப்புறம் எஞ்சினை விடு."

மூன்று மாதத்தில் ஒரு பழைய இரும்பு டிரம் ஆளுயர அடுப்பாயிற்று. மேலே கட்டை போட மூடி, நடுவில் கொஞ்சமாகக் காற்று விட நான்கு குழாய்கள், அடியில் வாயு வெளியேற வழி. காற்றைத் தாராளமாக விட்டால் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். குறைத்து விட்டால்தான் எஞ்சினுக்கு வாயு மிஞ்சும். மில்காரரைக் கெஞ்சி, ரம்பத்தை ஓட்டும் அவருடைய டீசல் எஞ்சினோடு இணைத்தாள். பத்து நிமிடம் ஓடியது. இருமியது. நின்றது. கழற்றிப் பார்த்தால் வால்வெல்லாம் கறுப்புப் பசை.

"எஞ்சின் தொண்டையில தாரைக் காய்ச்சி ஊத்திட்டியேம்மா!" மில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நானே கழுவித் தரேண்ணே. ஒரு வாரம் பொறுங்க."

மண்ணெண்ணெய்த் துணியால் வால்வைத் தேய்த்த ஐந்து நாளும் அவள் மனம் டிரம்முக்குள்ளேயே சுற்றியது. பசையும் கட்டையிலிருந்து வந்ததுதானே? இன்னும் சூடு காட்டினால் அதுவும் உடைந்து வாயுவாகாதா? ஆறாம் நாள் டிரம்மின் இடுப்பைப் புனல்போல ஒடுக்கினாள். இனி கீழே இறங்கும் புகை முழுவதும், அந்த ஒடுக்கத்தில் தகதகவென்று பழுத்துக் கிடக்கும் கரியின் ஊடே நுழைந்துதான் போக வேண்டும். ஈரக்கட்டை சூட்டைக் குடித்துவிடும் என்று எல்லாத் துண்டுகளையும் வெயிலில் உலர்த்தினாள். வாயு ஆறிவர நீளக் குழாய், தூசி வடிய ஒரு வடிகட்டி. "இந்த வாயுவுல இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது, உள்ள இழுத்தா ஆளையே முடிச்சிடும்" என்று எல்லாவற்றையும் திறந்தவெளிக்கு மாற்றினாள்.

காலை பத்து மணிக்கு மூட்டினாள். முதலில் வெள்ளைப் புகைதான் வந்தது. அது மெல்ல மெல்ல நிறமிழந்தபோது குழாய் முனையில் தீயைக் காட்டினாள். குப்பென்று நீலச்சுடர்!

"பத்திக்கிச்சு! பத்திக்கிச்சுங்க!"

எஞ்சினை டீசலில் கிளப்பி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். ஓசை பிசகவில்லை. ஆனால் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் தானாகவே குறைக்கும் பக்கம் நகர்ந்தது. மில்காரர் குனிந்து பார்த்தார்.

"யாரும் தொடலையே. இது ஏம்மா தானா போகுது?"

"டீசல் வேணாங்குதுண்ணே! கட்டையிலயே அதுக்கு வயிறு ரொம்பிடுச்சு!"

மில்காரர் இருப்பதிலேயே பெரிய மரத்தை உருட்டி ஏற்றினார். ரம்பம் கொஞ்சமும் திணறாமல் உள்ளே இறங்கியது. முதல் பலகை விழுந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. கழுத்தில் அளவு டேப் தொங்க ஓடிவந்த கணவர், கூடை கூடையாகத் துண்டுகளை அள்ளிக் கொடுத்தார்.

"ஏங்க, கடையை யாரு பார்க்கறா?"

"கடை எங்கயும் ஓடாது. எஞ்சின்தான் ஓடுது!"

மதியம் எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் கழற்றி, வால்வில் விரலை வைத்துத் தடவினாள். கரித்தூள் மட்டும். பசை இல்லை. அந்த விரலை இரண்டு ஆண்களின் முகத்துக்கும் நேரே நீட்டிக் காட்டியவள், சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள்.

இப்போது அவள் செய்த அடுப்புகள் ஏழு இடங்களில் வேலை செய்கின்றன. எங்கே வைத்தாலும் முதல் தீ அவள்தான் மூட்டுவாள். போன வாரம் ஒரு ரொட்டிக்கடையில் சுடர் எழுந்ததும் அவள் போட்ட கூச்சலில், கடை பற்றிக்கொண்டது என்று பயந்து கடைக்காரர் தண்ணீர் வாளியோடு பாய்ந்து வந்தார்.

"ஊத்திடாதீங்க!" என்று வாளியைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க, எவ்வளவு அழகா எரியுது!"