மாடியறையிலிருந்து கொடுத்த வக்காலத்து

மலேரியாவை நான் ஒரு நோயாகவே மதித்ததில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில், பீங்கான் சாமான் கடையில் பத்தொன்பது வருடம் நின்றவன் நான். அங்கே வருடத்துக்கு இரண்டு முறையாவது அது வரும். நடுக்கம் எடுத்தால் மருந்துக்கடைக்குப் போய் மூன்று நாளைக்கான மாத்திரை அட்டை வாங்குவோம். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மிச்ச மாத்திரையை விழுங்காமல் அடுத்த தடவைக்கென்று பெட்டியில் வைத்துக்கொள்வோம். எங்கள் அறையிலிருந்த ஆறு பேருக்கும் இந்தக் கெட்டிக்காரத்தனம் பொது. காய்ச்சலோடு உதட்டோரத்தில் கொப்புளமும் கிளம்பும். அது வந்தால் காய்ச்சல் இறங்குகிறது என்று நாங்களே வைத்தியம் பேசிக்கொள்வோம்.

போன வருடம் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகக் கூத்தாநல்லூருக்கு வந்தேன். சின்ன மகளுக்கு நிக்காஹ் குறித்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சபை கேட்க, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அவனால் வர முடியாவிட்டால் தன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு வக்காலத்து என்று பெயர். பெரிய மகளின் நிக்காஹுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் தம்பிதான் கொடுத்தான். கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று செல்போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. சின்னவளையாவது என் கையால் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

கிளம்புகிற வாரம் காய்ச்சல் வந்தது. பழக்க தோஷம், பாதி அட்டையை விழுங்கிவிட்டு மீதியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். ஊருக்கு வந்த பத்தாம் நாள் பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுக்கம். தம்பி கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்த பெண் சற்று நேரத்தில் வெளியே வந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். படித்த காலத்துக்குப் பிறகு இந்தக் கிருமியை இப்போதுதான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறாராம்.

டாக்டரம்மாவிடம் பாதி அட்டையைக் காட்டினேன். "மிச்சம் வைக்கிறதுக்கு இது என்னங்க, நேத்து வச்ச மீன் குழம்பா?" என்றார்.

இந்த முறை ஒழுங்காக மூன்று நாளும் விழுங்கினேன். காய்ச்சல் போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நெற்றியின் இடதுபக்கத்தில் கொதிநீர் பட்டது போல ஓர் எரிச்சல். தலையணையில் தலை வைக்க முடியவில்லை. பிறகு கண்ணிமையிலிருந்து உச்சந்தலை வரை கொத்துக்கொத்தாகக் கொப்புளம் கிளம்பி, இடது கண் மூடிக்கொண்டது. பார்த்ததுமே என் மனைவி அக்கி என்றாள். பாபநாசத்துப் பக்கம் மண்பானை செய்கிற ஒருவர் அக்கிக்குக் காவி குழைத்து எழுதுவார், எழுதினால் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தம்பி கார் சாவியை எடுத்துவிட்டான்.

"மூஞ்சி முழுக்கக் காவியோட பள்ளிவாசல்ல போயி உக்காரச் சொல்றியா?" என்று கத்தினேன். நிக்காஹுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கார் மறுபடி கும்பகோணத்துக்கே போனது.

"சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எட்டு வயதில் வந்தது. வேப்பிலை அரைத்துப் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் போய்விட்டது என்றேன்.

"போகலைங்க. அந்தக் கிருமி நரம்புல போயி படுத்துக்கிட்டு இருந்திருக்கு. அது எந்திரிக்காம உங்க ரத்தத்துல இருக்கற அணுக்கள் இத்தனை வருஷமா அமுக்கி வச்சிருந்துச்சு. மலேரியா வந்தா அந்த அணுக்களுக்கு வேலை ஜாஸ்தி, சோர்ந்து போயிடும். அந்த அசமந்தத்துல இது எந்திரிச்சிடுச்சு. மலேரியாவாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், வயசும் ஆவுதுல்ல. ஆனா எனக்கு அப்படித்தான் படுது."

உதட்டுக் கொப்புளத்தைச் சொன்னேன். அது வேறு கிருமி, ஆனால் கதை இதேதான் என்றார். பத்தொன்பது வருடமாக உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் அதைக் குணமாவதற்கு அடையாளம் என்று நினைத்திருக்கிறேன்.

"அடுத்தவங்களுக்கு ஒட்டுமா?" என்று தம்பி கேட்டான்.

"அக்கி ஒட்டாது. ஆனா இதுவரைக்கும் அம்மை வராதவங்க மேல இந்தக் கொப்புளத்துத் தண்ணி பட்டா, அவங்களுக்கு அம்மை வரும். பெரியவங்களுக்கு வந்தா கஷ்டப்படுத்திடும். எல்லாம் பொருக்கு தட்டற வரைக்கும் தள்ளியே இருங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விசாரித்தேன். "எனக்கும் பெரியவளுக்கும் வந்து போயிடுச்சு. சின்னவளுக்குத்தான் வரல. உங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்றாள். குத்திக் காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகளுக்கு எந்த நோய் வந்தது, எது வரவில்லை என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. என் படுக்கையை நானே மாடியறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

தம்பி மாப்பிள்ளையிடம் பேசினான். அவருக்கும் அம்மை வந்ததில்லை. தள்ளிவைக்கவும் வழியில்லை. வளைகுடாவில் வேலை, ஒரு மாத லீவு, நிக்காஹ் முடிந்த எட்டாம் நாள் விமானம்.

"மாப்பிள்ளை பரவாயில்லங்கறாரு. கையை நல்லா கழுவிட்டு, தலையில துணியக் கட்டிக்கிட்டு உக்காருங்கண்ணே. ஒரு நிமிஷ வேலை," என்றான் தம்பி.

எனக்கும் ஆசைதான். கண்ணாடி முன்னால் நின்று துண்டைக் கட்டிப் பார்த்தேன். கட்டுவதற்குள் கை நாலு முறை கொப்புளத்துக்குப் போய்விட்டது. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை மாமனாரைக் கட்டித் தழுவாமல் விடமாட்டார். அம்மை உடனே வராது, இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போது அந்தப் பையன் வளைகுடாவில் இருப்பார். அறையிலிருக்கிறவர்கள் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகக் கையில் பலமில்லாமல் நான் அப்படிக் கிடந்திருக்கிறேன். என் மகளின் புருஷனுக்கு நானே அதைச் சீர்வரிசையாகக் கொடுத்து அனுப்ப முடியாது.

"நீயே குடுத்துடு," என்றேன்.

"ரெண்டு தடவையும் நானாண்ணே?" என்றான் தம்பி. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நிக்காஹ் அன்று காலை இமாமும் இரண்டு சாட்சிகளும் மாடியேறி வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். தம்பிக்கு வக்காலத்து கொடுக்க என் சம்மதத்தைக் கேட்டார்கள். சொன்னேன். நல்லா ஆயிடுவீங்க, துஆ செய்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். தெருவில் காயப்போட்டிருந்த நெல்லை மிதிக்காமல் ஓரமாகவே எல்லோரும் பள்ளிவாசலுக்கு நடந்து போவதை ஜன்னலில் பார்த்தேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகப் போட்டேன் என்று தெரியவில்லை.

தம்பி மகன் போனில் காட்டினான். என் அண்ணன் மகளை என்று தம்பி சொன்னது ஒலிபெருக்கி வழியாக ஜன்னலில் முதலில் கேட்டது. சற்றுப் பின்னால் அதையே போனும் சொன்னது. நான் அழுதேன். கண்ணீர் புண்ணில் பட்டு எரிந்தது. துடைக்கவும் முடியவில்லை.

கீழே சாப்பாட்டுச் சத்தம் தொடங்கிய பிறகு போன் அடித்தது. சின்னவள், கல்யாணப் புடவையில். பின்னால் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டீங்களா அத்தா?"

"சாப்ட்டேம்மா." தட்டு மூடியபடியே இருந்தது.

"எரியுதா?"

"இல்லம்மா. இப்பப் பரவாயில்ல."

அவள் தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டாள். பிறகு, எத்தனையோ வருடமாகக் கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிப்போனதை அவளை அறியாமலேயே கேட்டாள்.

"அங்க இப்ப மணி என்ன அத்தா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு ஆவப்போவுதும்மா," என்றேன்.