மார்ட்டினும் ஒரு சாப்பாட்டு மேஜையும்

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் எங்களுக்கு எதிர்வீடு லூர்துநாதன் வீடு. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. தெருவில் இன்னமும் அதை 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். லூர்துநாதனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அவர் பட்டாளத்து வாசலைக்கூட மிதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே மகன் மார்ட்டின் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிரான்ஸுக்குப் போனான். பல குடும்பங்கள் கூட்டாக நடத்தும் ஒரு பண்ணையில் வேலை. திராட்சை பறிப்பான், ஆடு மேய்ப்பான். நிலமும் பொது, சமையலும் பொது. மத்தியானம் எல்லோரும் ஒரே நீள மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், சமைத்தவர்களும்தான். அதைப் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான்.

"ம்மா, நான் வந்தா நீயும் என் எதிர்ல உக்காந்து சாப்புடணும். எனக்கு அது போதும்."

"சரிடா ராசா, நீ மொதல்ல வா" என்பாள் அவன் அம்மா புஷ்பமேரி. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் கை கழுவின பிறகு அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிற ஜன்மம்.

அவனை அந்தப் பண்ணையிலேயே விட்டிருக்கலாம். லூர்துநாதன் விட்டால்தானே! "ஆடு மேய்க்கவா அவ்ளோ தூரம் போன? தாத்தா பேரக் காப்பாத்துடா" என்று தினமும் நச்சரித்தார். பையன் பட்டாளத்தில் சேர்ந்தான். ஆப்பிரிக்காவில் ஏதோ பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு போனில் பேச்சு குறைந்துபோனது.

போன ஈஸ்டருக்கு லீவில் வந்தான். எங்கே உட்கார்ந்தாலும் சுவரில் முதுகு ஒட்டத்தான் உட்கார்ந்தான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் சுவர்ப் பக்கம் அப்பாவின் நாற்காலி. அவனுக்கு அடுப்படிக்கு முதுகு காட்டி உட்காரும்படி ஆயிற்று. நான் வடை கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றிருந்தேன்.

"நீயும் உக்காரும்மா."

"நீ சாப்புடு, நான் அப்பறம்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

போதும் என்று தட்டை மறைக்கிற பிள்ளைக்கு, தெரியாமல் பின்னால் வந்து இன்னொரு கரண்டி சோறு போடுவது நம்மூர் அம்மாக்களின் பழக்கம். நானும் அதைத்தான் செய்கிறேன். அவளும் சத்தமில்லாமல் வந்து, அவன் தோளுக்கு மேலே கையை நீட்டினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் நாற்காலி சாய்ந்தது. புஷ்பமேரி தரையில் கிடந்தாள். அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ எவரோ என்று பார்த்தான் மார்ட்டின்.

"ராசா, அம்மாடா... அம்மாடா."

கையை விட்டான். எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்வரை வெளியே நின்றான். பாலைவனத்தில் தன் பக்கத்திலேயே இரண்டு பேர் செத்ததை அங்கேதான் என்னிடம் சொன்னான். லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டான். போகும்போதுகூட அம்மாவைத் தொடவில்லை. தொடப் பயந்தான், பாவி. எனக்கு வந்த ஆத்திரத்தில் லூர்துநாதனை வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இப்போதெல்லாம் மத்தியானமானால் புஷ்பமேரி மேஜையில் உட்காருகிறாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால் போடுகிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவன் எடுப்பதில்லை.

நேற்றுப் போயிருந்தேன். "ஆறிப்போவுது, சாப்புடுக்கா" என்றேன்.

"இரு. அவன் எடுத்தான்னா, நான் உக்காந்திருக்கறது தெரியணும்ல" என்றாள்.