தண்ணிக்கோழிக்குக் கம்பா நின்னேன்

ஞாயித்துக்கிழமையானா எங்க குழு ஸ்ரீரங்கம் பக்கத்துக் குளத்துல ஆகாயத்தாமரை பிடுங்கும். மூணாங்கிளாஸ் தாண்டாத எனக்கு மூளை வேலை வராது, இழுக்கற வேலை வரும். அன்னைக்கு வீரமா ஒரு பெரிய கொத்தைக் கரைக்கு இழுத்துட்டு வந்தேன். பாத்தா நடுவுல தண்ணிக்கோழி கூடு, அஞ்சு முட்டை.

"என்னங்கண்ணே இது, பழைய எடத்துலயே விடுங்க. இல்லன்னா தாய்க்கோழி வராது"ன்னாங்க குழுவை நடத்துற டீச்சரம்மா.

கொண்டுபோய் விட்டா கொத்து மெதந்து ஓடுது.

"கட்டறதுக்குக் கம்பு வர்ற வரைக்கும் நீங்களே கம்பா நில்லுங்க."

கழுத்தளவு தண்ணியில கொத்தைப் புடிச்சுட்டு நின்னேன். கோழி வந்துச்சு. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு, மனுசன் கணக்குலயே சேக்காம ஏறி முட்டை மேல உக்காந்துருச்சு. கரையில டீச்சரம்மா சத்தமில்லாம குதிக்கறாங்க. மூக்குல கொசு உக்காந்துச்சு. குடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.