ஆளில்லாமல் ஓடிய மிஷின்

எங்கள் தையல் கூடத்தில் அவளுக்கு ‘மோட்டார்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். சட்டைக் காலர் தைக்கிற வரிசையில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. நாங்கள் எல்லாரும் நூல் கோக்க, முதுகு நிமிர்த்த, ஊர்வம்பு பேச என்று நடுநடுவே நிறுத்துவோம். அவள் நிறுத்தவே மாட்டாள். காலையில் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரை கடகடவென்று ஓட்டம்தான். “அந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்குங்க” என்று சூப்பர்வைசர் குத்திக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் பார்க்கிறேன், அவள் மிஷினில் நூலே இல்லை. வெறும் ஊசி துணியில் பொத்தல் போட்டுக்கொண்டே போகிறது.

“அடியே, நூலில்லாம எதைத் தைக்கிறே?” என்றேன்.

பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். மிஷினை ஒட்டிக் கிடந்த போனைக் காட்டினாள். பிறகு தையல் சாக்கட்டியை எடுத்து வெட்டுத் துணியில் எழுதினாள்: ‘அவர் கேட்டுக்கிட்டிருக்கார். சத்தம் நின்னா எங்க போனேன்னு சண்டை.’

அவர் என்றால் புருஷன். தன் கடையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க போனில் இவள் மிஷின் சத்தத்தைக் கேட்கிறானாம். இவளோ அதற்குக் கீழே, ‘என் மேல அவ்வளவு பாசம்’ என்று எழுதுகிறாள். பாசமாம் பாசம்!

அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் சாக்கட்டியில்தான். எழுதுவது, தட்டி அழிப்பது. மணிக்கட்டு ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டேன். ‘கதவுல இடிச்சுக்கிட்டேன்.’ அடுத்த வாரம் கழுத்தில் நகக்கீறல். அதற்கும் கதவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. ‘உங்க வீட்டுக் கதவுக்குக் கையும் நகமும் இருக்கா?’ என்று எழுதி அவள் முன்னால் தள்ளினேன். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு, அப்புறம் அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதும் கால் பெடலை விடவில்லை. பாவி, வாய்விட்டு அழக்கூட விடாமல் வைத்திருந்தான்!

கடைசியில் எழுதினாள்: ‘போகணும். தெரிஞ்சா போக விடமாட்டார்.’

வெளியூரில் அவளுக்கு ஒரு அக்கா. கூடத்துக்கு வெளியே போய் என் போனில் நானே பேசினேன். “அவ வந்து சேந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றாள் அந்த மகராசி.

குறித்த நாளில் போனை அங்கேயே விட்டுவிட்டு அவள் நகர, அதே இருக்கையில் நான் நுழைந்து பெடலை மிதித்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். சாப்பாட்டு மணிக்குள் பஸ் அக்கா ஊருக்குப் போய்விடும். அதுவரை சத்தம் நிற்கக்கூடாது.

அந்த நேரம் பார்த்தா சூப்பர்வைசர் வர வேண்டும்! “எங்க அந்த...” என்று வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. சாக்கட்டியால் கிறுக்கிக் காட்டினேன்: ‘புருஷன் அடிக்கிறான். தப்பிச்சுப் போறா. போன்ல அவன்.’

மனிதர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மிஷினில் வேலை குவிந்து கிடந்ததையும் பார்த்தார். என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். மிஷினைத் தொட்டு எத்தனை வருஷமோ, அவர் தைத்த காலர் கழுதைக் காது மாதிரி கோணிக்கொண்டு போயிற்று. சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு!

மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அதிர்ந்தது. வெளியே ஓடினேன். “வந்து சேந்துட்டா” என்றாள் அக்கா. அப்பாடா! அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்தது. மிஷின்கள் ஓய்ந்தன. “சாப்பிடப் போறேன்னு சொல்ல மாட்டியா?” என்று போன் அதட்டியது.

எடுத்தேன். “அவ இங்க இல்லப்பா. இவ்வளவு நேரம் நீ கேட்டது எங்க சூப்பர்வைசர் தைச்சது. அவ எங்கன்னு தெரியணும்னா போலீஸ் ஸ்டேஷன்ல போய்க் கேளு.”

கூடமே வாய்விட்டுச் சிரித்தது.

சாயங்காலம் அக்கா மறுபடி கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்தி. “ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்தோம். வந்து தரையில சாஞ்சவதான், இன்னும் தூங்கறா. ஒரு வாய்கூட சாப்பிடல. எழுப்பட்டுமா?”

“எழுப்பாதேம்மா” என்றேன். “அவளா எழுந்திருக்கட்டும்.”