நாலு மணி ஓட்டம்

தங்கச்சிமடத்து மீனவனுக்கு மகனாகப் பிறந்தும், வல்லத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் நான். கடல் ஒத்துவரவில்லை என்றுதான் ஆகாயத்தில் ஏறித் துபாய்க்குப் போனேன். விமானத்திலும் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் காகிதப் பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வேன்.

முதல் விடுப்பில் வந்தபோது அய்யா கேட்டார், "ஏலே, ஒன் ஊரு எத்தனை மணி ஓட்டம்?"

எங்கள் கரையில் தூரத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது. வல்லம் கிளம்பி எஞ்சினை நிறுத்தும்வரை எத்தனை மணியோ, அத்தனை மணி ஓட்டம். நான் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். துபாய் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம், கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், நேராகப் பறந்தால் நாலு மணி நேரம்.

"நாலு மணி ஓட்டந்தான்யா. நீங்க கூப்பிட்டா கஞ்சி ஆறுறதுக்குள்ள வந்துருவேன்."

"நான் அஞ்சு மணி ஓட்டம் போயி மறுநா வீட்டுக்கு வாரேன். நாலு மணி ஓட்டத்துல இருக்க பய ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாரான்!"

வீடே சிரித்தது. நானும்தான்.

போன வருடம் ஒரு காலை எட்டு மணிக்குத் தங்கச்சி அழைத்தாள். "அய்யாவுக்கு மூச்சு இழுக்குதுண்ணே. சர்ச்சு சாமியார் வந்து கடைசி அவஸ்தை எண்ணெயும் பூசிட்டாரு. ஒன்னத்தான் கேக்குறாரு."

"இந்தா கிளம்பிட்டேன்னு சொல்லு," என்றேன்.

அவள் சொல்லிவிட்டாள். அய்யா கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லி, கணக்குப் போட்டாராம். "நாலு மணி ஓட்டம். பன்னெண்டுக்கு மதுரை. நாலுக்கு இங்கன வந்துருவான்."

அந்தக் கணக்கில் என் கடவுச்சீட்டு இல்லை. அது கம்பெனி அலமாரியில் இருந்தது. சாவி மேலாளரிடம், மேலாளர் அபுதாபியில். நேராகப் போகும் விமானத்தில் இடமில்லை, சென்னை போய் மாறவேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அய்யா கேட்டிருக்கிறார், "எறங்கிட்டானா?"

"எறங்கிட்டான்யா," என்றிருக்கிறாள் தங்கச்சி. வேறென்ன சொல்வாள்?

மூன்று மணிக்கு, "எங்கன வாரான்?"

"ராம்நாட்ட தாண்டிட்டான்."

நாலு மணிக்குப் பேச்சு இல்லை, கண் மட்டும் வாசலில். தங்கச்சி காதில் குனிந்து சொன்னாளாம், "பாலத்துல ஏறிட்டான்யா. தெரு முக்குக்கு வந்துட்டான்." அய்யா தலையணையை விட்டுத் தலையைக் கொஞ்சம் தூக்கினாராம். அவ்வளவுதான்.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். அப்போது நான் துபாயில், மேலாளர் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வந்தேன். அய்யாவைக் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிடித்த மீனையெல்லாம் ஐஸில் போட்டு அனுப்பிய மனிதர்.

தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லிட்டேண்ணே."

"நீ சொன்னது ஒரு நாள் பொய்தான்," என்றேன்.

கண்ணாடிமேல் குனிந்து, அழைப்பு வந்ததிலிருந்து விரல்விட்டு எண்ணிச் சரியான கணக்கை அய்யாவிடம் சொன்னேன்.

"இருபத்தொம்பது மணி ஓட்டம்யா."