தெல்தோட்டை மேட்டில் ஒரு குழி

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். கண்டி டவுனில் கொப்பி, பென்சில் விற்கும் கடை, குண்டசாலையில் வீடு, முழங்கால் வலி, பழைய வரைபடம் சேர்க்கும் கிறுக்கு. என் வாழ்க்கையில் அமானுஷ்யம் என்று சொல்ல என் மனைவியின் பொறுமை ஒன்றுதான் இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்து நில அளவைத் தாள்களை விரித்தால் எனக்கு முதலில் வருவது கோபம். துரை பங்களாவுக்குப் பெயர் இருக்கும், தேயிலை ஃபெக்டரிக்குப் பெயர் இருக்கும், நூற்றுக்கணக்கான தோட்டச் சனம் பிறந்து செத்த லய வீடுகள் மட்டும் எறும்பு கழிந்தது போலப் பெயரில்லாத கறுப்புப் புள்ளிகள். ஆனாலும் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேட்டில் ‘மயானம்’ என்று அவனே குறித்திருந்தான். லயத்திலிருந்து அங்கே போக ஒற்றையடிப் பாதையும் போட்டிருந்தான்.

அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான் சிவலிங்கம், என் கடைக்குச் சாமான் ஏற்றும் த்ரீவீலர்காரன். அவன் அம்மா இறந்துபோனார். புருஷனுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அந்த மனுஷியின் ஒரே ஆசை. அந்த மேட்டையோ ஹோட்டல் கட்டப்போகும் கம்பெனி ஒன்று வாங்கி இரும்புக் கேட்டும் போட்டிருந்தது. காலையில் குழி வெட்டப் போனவர்களைக் கேட்டிலேயே விரட்டிவிட்டார்கள். மத்தியானம் கொட்டுகிற மழையில் பெட்டியோடு போனோம். கேட்டில் மழைக்கோட்டு போட்ட கம்பெனிக்காரர் ஒருவர் நின்றார்.

“இங்க மயானமே கெடையாது. எங்க பிளான்ல வெறுங்காணி.”

என் தாளை நீட்டினேன்.

“அது பழசு, சேர்.”

“உள்ள படுத்திருக்கிறவங்களும் பழசுதான்.”

“நீங்க யாரு?”

“பென்சில் விக்கிறவன்.”

சிவலிங்கம் என் தோளைப் பிடித்தான். “அண்ணே, அம்மாவ ரோட்டுலயா வைக்கிறது?”

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. தாளில் இருந்த பழைய பாதை ஓடையோரமாக, இந்தக் கேட்டைத் தொடாமல் ஏறியது. கூட வந்த தப்படிக்கிறவர்களைக் கேட்டில் சண்டை போட விட்டுவிட்டு, பெட்டியும் அதைச் சுமப்பவர்களும் கயிறும் ஒரு மண்வெட்டியுமாகப் பின்பக்கம் இறங்கினோம். முன்னால் நான், ஒரு கையில் குடை, மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடம். பிரேதத்துக்கு வழிகாட்டிய முதல் ஸ்டேஷனரிக் கடைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

பாதிவழியில் பாதை தேயிலைக்குள் செத்துப்போயிருந்தது. பனிமூட்டம் வேறு, எதிரே இருந்த செடிகூடத் தெரியவில்லை. பெட்டியைச் சுமந்த சிவலிங்கத்தின் சித்தப்பா, “ஐயா, மேப்பத் தலகீழாப் புடிச்சிருக்கீங்களா?” என்றார். பார்த்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து தப்பு கேட்டது. சாவு அடி, கணீரென்று.

“நம்ம ஆளுக உள்ள பூந்துட்டாங்கண்ணே!” சிவலிங்கம் அழுதுகொண்டே சிரித்தான்.

நம்பினால் நம்புங்கள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினோம். மேட்டை அடைந்ததும் அது நின்றது. அங்கே ஒரு மனிதர்கூட இல்லை. மானாப் புல்லுக்குள் சிவலிங்கத்தின் அப்பாவின் கல் இருந்தது. அதன் பக்கத்தில் குழி, ஓரம் சீவியது போல வெட்டிய புதுக் குழி, கரையில் குவித்த செம்மண். யார் வெட்டியது என்று விசாரிக்க அது நேரமில்லை. பெட்டி சுமந்தவர்கள் கயிறு பிடித்து இறக்கி மண் தள்ளி மூடினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தால் தப்புக்காரர்கள் கேட்டுக்கு வெளியே தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்தார்கள். “எங்கய்யா அடிச்சோம்? தோலு ஊறித் தொங்குது, காச்ச நெருப்பு இல்ல, பாருங்க,” என்று ஒருவர் தட்டிக் காட்டினார். நனைந்த அட்டைப்பெட்டிச் சத்தம்.

அதற்குள் கம்பெனிக்காரர் பொலிசைக் கூப்பிட்டிருந்தார். “குழி வெட்டினவன உள்ள போடுங்க!” தாயைப் புதைத்த மண் கையில் காயாமல் சிவலிங்கம் பழியேற்க முன்னால் போனான். எனக்குப் பொறுக்கவில்லை.

“வெட்டினது நான்தான்,” என்றேன்.

பொலிஸ்காரர் என் தொப்பையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். வரைபடத்தை நம்பாதவர்கள் இதை நம்பினார்கள், பாருங்கள்! புதைத்ததைத் தோண்ட நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அவர் சொன்னதும் கம்பெனிக்காரர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மா இன்றைக்கும் புருஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். என்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை கடைப் பூட்டில் சாவியைத் திருப்பினேன், உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தேன். இரண்டு கையிலும் விரல்களின் அடியில் வரிசையாகக் கொப்புளம், நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவனுக்கு வருகிற மாதிரி. முந்தின நாள் நான் பிடித்ததெல்லாம் ஒரு குடையும் ஒரு தாளும்தான். கொப்புளம் ஆறிவிட்டது, காய்ப்பு போகவில்லை. டொக்டர் தோட்டவேலை செய்கிறீர்களா என்று கேட்கிறார். சிரிக்காதீர்கள். இந்தாருங்கள், தொட்டுப் பாருங்கள்.